எத்தனை இடி கேட்டது? பின்மோதல் விபத்து பற்றிய ஒரு கேள்விக்கு விரிவான பதில்

பாளையங்கோட்டையிலிருந்து நீங்கள் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. மதுரையிலிருந்து குடும்பத்துடன் திரும்பும்போது, கங்கைகொண்டானைத் தாண்டித் தாழையூத்துக்கு முன்னால், ஆட்டு மந்தை ஒன்று நான்குவழிச் சாலைக்குள் இறங்க, முன்னால் சென்ற லோடு வண்டி சட்டென்று பிரேக் பிடித்திருக்கிறது. நீங்களும் பிடித்து நிறுத்திவிட்டீர்கள். பின்னால் வந்த கார் உங்கள் டிக்கியில் இடிக்க, அந்த வேகத்தில் உங்கள் காரின் முன்பக்கம் லோடு வண்டியில் போய் முட்டியது. இடித்தவரோ, "மொத நீங்க இடிச்சீங்க, அதுக்கப்புறந்தான அண்ணாச்சி நான் இடிச்சேன்" என்று சாதிக்கிறார். பின் இருக்கையில் இருந்த உங்கள் தாயாருக்கு மறுநாளிலிருந்து கழுத்து வலி. தவறு யாருடையது, இனிச் செய்ய வேண்டியது என்ன, மறுபடியும் நேராமல் இருக்க வழி என்ன என்று மூன்றும் கேட்டிருக்கிறீர்கள். அடுத்த கார் தானாகப் பிரேக் பிடிக்கும் வசதியோடு வாங்கலாமா என்றும் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். நான் இந்த வட்டாரத்தில் காப்பீட்டு நிறுவனங்களுக்காக வாகனச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயராக நெடுங்காலம் வேலை பார்த்தவன். மருத்துவரோ வழக்கறிஞரோ அல்லாத ஒருவனின் பதில் என்பதை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

முதலில் தாயாரின் கழுத்து. பின்னாலிருந்து இடி விழும்போது இருக்கை முதுகை முன்னால் தள்ளுகிறது. தலை மட்டும் தான் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. உடலுக்கும் தலைக்கும் நடுவில் அகப்பட்ட கழுத்து ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் வளைந்து, பின்னால் சாய்ந்து, உடனே முன்னால் வீசப்படுகிறது. எலும்பு முறியாமலே தசைநாரும் மூட்டும் இழுபடுவதால் அந்த நேரத்தில் பெரும்பாலும் வலி தெரிவதில்லை. பல மணி நேரம் கழித்தோ மறுநாளோதான் தெரியும். எனவே "அன்றைக்கு நன்றாகத்தானே இருந்தார்கள்" என்ற சொல்லுக்கு மருத்துவத்திலும் பொருள் இல்லை, வழக்கிலும் பொருள் இல்லை. கை மரத்துப்போதல், விரல்களில் பலம் குறைதல், நடை தடுமாறுதல், விடாத தலைவலி, வாந்தி, மயக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தைலம் தேய்த்துப் பார்க்காமல் இன்றே ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கோ நீங்கள் வழக்கமாகச் செல்லும் எலும்பு மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள். வெறும் வலி மட்டும் என்றாலும் ஒருமுறை காட்டுங்கள். சாலை விபத்தில் ஏற்பட்டது என்று தவறாமல் சொல்லி, விபத்துப் பதிவேட்டில் பதியச் செய்து, "ஏ.ஆர். காப்பி" என்று எல்லாரும் சொல்லும் அந்த நகலைப் பத்திரப்படுத்துங்கள். விபத்து நாளுக்கும் அந்த நகலின் தேதிக்கும் இடைவெளி கூடக் கூட, வலிக்கும் விபத்துக்கும் தொடர்பே இல்லை என்று வாதாடுவது எதிர்த்தரப்புக்கு எளிதாகிறது.

இதோடு சேர்த்து உங்கள் காரின் ஹெட்ரெஸ்டுகளையும் பாருங்கள். தலைக்கு அணையாக அவை வைக்கப்பட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். பின்னால் போகும் தலையைத் தாங்கிப் பிடிப்பதுதான் அவற்றின் வேலை. 1997-இல் சாப் நிறுவனமும் 1998-இல் வால்வோ நிறுவனமும் இடி விழும் கணத்தில் தானே இடம் மாறித் தலையையும் முதுகையும் ஒன்றாகத் தாங்கும் இருக்கைகளைக் கொண்டுவந்ததற்கும் இதுவே காரணம். நம் வண்டிகளில் பெரும்பாலும் கையால்தான் உயர்த்த வேண்டியிருக்கிறது. அதன் மேல்விளிம்பு உச்சந்தலை மட்டத்துக்கு வர வேண்டும், பின்மண்டைக்கும் அதற்கும் மூன்று நான்கு விரல் அகலத்துக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. நான் பார்த்த கார்களில் பத்துக்கு ஒன்பதில் பின் இருக்கை ஹெட்ரெஸ்ட் கடையில் கொடுத்தபடியே கீழே அமுக்கிக் கிடக்கும். அந்த நிலையில் அது கழுத்துக்கு நெம்புகோலாகத்தான் பயன்படும்.

இனி, யார் முதலில் இடித்தார் என்ற தகராறு. மூன்று வண்டிகள் சிக்கிய எந்தப் பின்மோதலிலும் நான் முதலில் தேடிப்போவது நடு வண்டிக்காரரை அல்ல, முன் வண்டிக்காரரை. அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: "எத்தனை இடி கேட்டது?" நீங்கள் நிறுத்தி நின்றபின் பின்கார் தள்ளி நீங்கள் போய் முட்டியிருந்தால், லோடு வண்டிக்காரருக்கு ஒரே இடிதான் தெரிந்திருக்கும். நீங்கள் முதலில் மோதி, அதன்பின் பின்கார் வந்து மோதியிருந்தால், அவருக்கு அடுத்தடுத்து இரண்டு இடி தெரிந்திருக்கும். முன் வண்டிக்காரருக்கு இந்தத் தகராறில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை என்பதால் அவர் வாய்ச்சொல் பெரும்பாலும் உண்மையாக இருக்கும். அவருடைய வண்டி எண்ணாவது உங்கள் படத்தில் பதிந்திருக்கும். அவரைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். ஆனால் "ஒரு இடிதானே?" என்று பதிலை வாயில் ஊட்டிவிடாதீர்கள்.

இரண்டாவது சாட்சி உங்கள் காரின் முகமே. பலமாகப் பிரேக் பிடிக்கும் வண்டியின் மூக்கு கீழே குனியும், பின்பக்கம் எழும்பும். குனிந்தபடி போய் மோதிய கார், வழக்கமான பம்பர் உயரத்தைவிடத் தாழ்வான இடத்தில் முன் வண்டியில் தடம் பதிக்கும். நின்றபின் தள்ளப்பட்ட கார் ஏறக்குறைய தன் இயல்பான உயரத்தில் பதிக்கும். லோடு வண்டியின் பின்கட்டையில் உங்கள் கார் பெயிண்ட் ஒட்டிய உயரத்தையும், உங்கள் டிக்கியில் பின்கார் பதித்த உயரத்தையும் அளவு நாடா வைத்துப் படம் எடுத்திருந்தால் அது பல வாக்குமூலங்களுக்குச் சமம். பழைய வகைக் குண்டு பல்பாக இருந்தால் இன்னொன்றும் உண்டு: எரிந்துகொண்டிருக்கும்போது இடிபட்ட பல்பின் இழை சூட்டில் இளகியிருப்பதால் இழுபட்டு நீண்டிருக்கும், அணைந்திருந்தபோது இடிபட்டதில் அப்படி நீளாது. உங்கள் பிரேக் விளக்கு எரிந்ததா என்ற கேள்விக்கு உடைந்த பல்பே விடை சொல்லும் என்பதால், பட்டறைக்காரர் கழற்றும் உதிரிகளைக் குப்பையில் போடவிடாதீர்கள். எல்.இ.டி. விளக்கில் இந்தச் சாட்சி கிடையாது.

"பின்னால் இடித்தவன் மேல்தான் தப்பு" என்று நம் ஊரில் டீக்கடை முதல் காவல் நிலையம் வரை சொல்வார்கள். அது முக்கால் உண்மை. முன்வண்டி சட்டென்று வேகம் குறைத்தாலோ நின்றாலோ மோதாமல் இருக்கப் போதுமான தூரம் விட்டுச் செல்வது பின்னால் வருபவரின் கடமை என்பது 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகளிலும் இருந்தது, அவற்றுக்குப் பதிலாக வந்த 2017-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளிலும் இருக்கிறது. 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில், லாரிக்குப் பின்னால் 10 முதல் 15 அடி தூரத்தில் வந்த காரைப் பற்றி, அது பாதுகாப்பான தூரமே அல்ல என்று சொல்லி, லாரி திடீரென்று பிரேக் பிடித்தது என்ற வாதத்தை ஏற்க மறுத்தது. மறுபக்கமும் உண்டு. கோயம்புத்தூரில் 2017-இல் நடந்த ஒரு விபத்தில், நெடுஞ்சாலையில் எந்தச் சைகையும் காட்டாமல் கார் ஒன்று சட்டென்று நிற்க, பின்னால் பைக்கில் வந்த மாணவர் அதில் மோதி விழ, அவர் கால்மேல் பேருந்து ஏறியது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில் காரோட்டிக்கு 50 விழுக்காடும், பேருந்துக்கு 30 விழுக்காடும், தூரம் விடாமல் வந்த மாணவருக்கு 20 விழுக்காடும் எனப் பொறுப்பைப் பங்கிட்டது. காரில் இருந்த கர்ப்பிணி மனைவிக்கு வாந்தி வந்ததால் நிறுத்தினேன் என்ற விளக்கம் எடுபடவில்லை. உங்கள் வழக்கில் ஆடு குறுக்கே வந்ததால் நிறுத்திய லோடு வண்டியின் காரணம் சாலையிலேயே எல்லார் கண்ணுக்கும் தெரிந்த காரணம். ஆகவே அதன்மேல் பெரிதாக எதுவும் நிற்காது. நின்றிருந்த உங்களை இடித்தார் என்பது நிலைநாட்டப்பட்டால், முன், பின் என இரண்டு சேதத்துக்கும் பின்காரே பொறுப்பு.

உங்கள் தாயாரின் நிலை இன்னும் தெளிவானது. அவர் வண்டி ஓட்டவில்லை, எனவே யார் எவ்வளவு விழுக்காடு என்ற சண்டை அவரைத் தொடாது. பல ஓட்டுநர்களின் கவனக்குறைவு சேர்ந்து ஒருவருக்குக் காயம் விளைந்தால், முழு இழப்பீட்டையும் அவர்களில் யாரிடமிருந்தும் கேட்டுப் பெறலாம் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம், இழப்பீட்டு மனு போட விபத்து நாளிலிருந்து 6 மாதக் கெடு வைத்திருக்கிறது. கழுத்து வலி தானாகப் போய்விடும் என்று காத்திருந்து அந்தக் கெடுவைத் தாண்டிவிடாதீர்கள். காயம் இருக்கும் விபத்தில் காவல்துறைக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிப்பது ஓட்டுநரின் கடமை என்கிறது அதே சட்டத்தின் 134-ஆம் பிரிவு. நீங்கள் அன்று காயமில்லை என்று நம்பி வந்துவிட்டீர்கள். இப்போது வலி வெளிப்பட்டதும் மருத்துவ நகலுடன் அந்த எல்லைக்குட்பட்ட காவல் நிலையத்தில் தாமதத்துக்கான காரணத்தையும் எழுதிப் புகார் கொடுத்து, குறைந்தது புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்குங்கள். சாலையோரத்தில் நின்று "பேசி முடிச்சுக்கிடுவோம்" என்று சில ஆயிரங்களை வாங்கிக்கொண்டு, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளில் கையெழுத்துப் போட்ட பலரை நான் அறிவேன். பம்பருக்காகப் போட்ட கையெழுத்து கழுத்துக்கும் சேர்த்துக் குறுக்கே நிற்கும். நீங்கள் போடவில்லை என்பது நல்லதாயிற்று.

பணக் கணக்குக்கு வருவோம். இடித்தவரின் காப்பீட்டிலிருந்து உங்கள் கார்ச் சேதத்துக்குப் பணம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் அதற்கு வழக்கமாக விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குச் செல்ல வேண்டும் என்பதால், பெரும்பாலோர் தம் சொந்த பாலிசியிலேயே முடித்துக்கொள்கிறார்கள். அப்போது மூன்று இடத்தில் பணம் கசியும். கட்டாயக் கழிவாக 1,500 சி.சி. வரையிலான காருக்கு 1,000 ரூபாயும் அதற்கு மேல் 2,000 ரூபாயும் போகும். பிளாஸ்டிக், ரப்பர் உதிரிகளுக்குத் தேய்மானமாகப் பாதி விலையைப் பிடிப்பார்கள். பின்மோதலில் அடிபடுவதில் பெரும்பகுதி பிளாஸ்டிக் பம்பரும் விளக்கும்தான் என்பதால் இந்தப் பாதி சுடும். "பம்பர் டு பம்பர்" என்று நம்மவர்கள் சொல்லும் கூடுதல் பாதுகாப்பை எடுத்திருந்தால் இந்தத் தேய்மானம் பிடிக்க மாட்டார்கள். மூன்றாவது, யாரும் கணக்குப் பார்க்காத நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் போடாத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் தரும் சலுகை. சேதக் காப்பீட்டுப் பிரீமியம் 12,000 ரூபாய் என்றும் நீங்கள் 50 விழுக்காட்டுச் சலுகையில் இருக்கிறீர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு கிளெய்ம் போட்டால் சலுகை பூஜ்யத்துக்கு விழுந்து, பிறகு ஆண்டுக்கு ஆண்டு 20, 25, 35, 45, 50 என்று ஏறும். இழந்த விழுக்காடுகளை வரிசையாகக் கூட்டினால் 50, 30, 25, 15, 5 ஆக மொத்தம் 125. பிரீமியம் மாறாமல் இருந்தால் 15,000 ரூபாய் இழப்பு. ஆகவே பம்பர் கீறலுக்கு 8,000 ரூபாய் கிளெய்ம் போடுவது கெட்ட வியாபாரம். முன்னும் பின்னும் அடிபட்ட உங்கள் வண்டிக்குத் தாராளமாகப் போடலாம். சர்வேயர் பார்க்கும் முன் எதையும் கழற்றவோ மாற்றவோ வேண்டாம்.

பம்பர் மேலோடு வெளியில் நன்றாகத் தெரிவதைக் கண்டு ஏமாறாதீர்கள். அது வெறும் மூடி. சிறு இடியில் உள்ளே அமுங்கி மறுபடி வெளியே எழும்பிவிடும், அதற்குப் பின்னால் உள்ள நுரைக்கட்டையும் இரும்புக் குறுக்குச் சட்டமும் நசுங்கியே இருக்கும். மூடியைக் கழற்றாமல் எஸ்டிமேட் போடும் பட்டறையை நம்பாதீர்கள். டிக்கிக் கதவைச் சாத்தி இரு பக்க இடைவெளியும் சமமாக இருக்கிறதா, ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் தகடு சுருங்கியிருக்கிறதா, பின் கதவுகள் முன்போல மூடுகின்றனவா என்று நீங்களே பார்க்கலாம். சுருங்கியிருந்தால் இடியின் வலு சேசிஸ் வரை போயிருக்கிறது என்று பொருள். இடிபட்டபோது ஆள் உட்கார்ந்திருந்த இருக்கைகளின் பெல்ட் வாரையும் பூட்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். குழந்தை இருக்கை இருந்திருந்தால் அதை மாற்றிவிடுவதே நல்லது.

இனி நீங்கள் மூன்றாவதாகக் கேட்டதும், நான் முதலாவதாகக் கருதுவதுமான கேள்வி. லோடு வண்டிக்கும் உங்களுக்கும் இடையில் "ஐந்தாறு கார் நீளம்" விட்டு, 70 கி.மீ. வேகத்தில் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது 20 முதல் 24 மீட்டர். 70 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 19 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் பிரேக்கை அமுக்க ஒன்றரை நொடி என்று வைத்தால், பிரேக் பிடிக்கும் முன்பே 29 மீட்டர் போய்விடும். நீங்கள் மோதாமல் நின்றது சுமையேற்றிய லோடு வண்டி உங்கள் காரைவிட மெதுவாக நின்றதால்தான். அது வெறும் வண்டியாக இருந்திருந்தால் இந்த வழக்கே வேறாகியிருக்கும். சொல்லக் கசப்பாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும்.

ஆனால் என் கருத்து அதோடு முடியவில்லை. முன்னால் விடும் தூரம் முன் வண்டிக்காக மட்டும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். பின்னால் வருபவரிடமிருந்து உங்களைக் காப்பதும் அதே தூரம்தான். கணக்கைப் பாருங்கள். நீங்களும் பின்னால் வருபவரும் 80 கி.மீ. வேகத்தில் செல்கிறீர்கள், அவர் ஒரு நொடித் தூரம், அதாவது 22 மீட்டர் மட்டும் விட்டு ஒட்டிக்கொண்டு வருகிறார். நல்ல டயரும் காய்ந்த சாலையும் இருந்தால் முழுப் பிரேக்கில் கார் சுமார் 35 மீட்டரில் நிற்கும். நீங்கள் அப்படிச் சட்டென்று நின்றால், அவருக்குக் கிடைக்கும் மொத்த இடம் 57 மீட்டர். அவருக்குத் தேவையோ, கால் பிரேக்குக்குப் போகும் 33 மீட்டரும் நிற்கும் 35 மீட்டரும் சேர்த்து 68 மீட்டர். குறைகிற 11 மீட்டர்தான் உங்கள் டிக்கி. இப்போது உங்களுக்கு முன்னால் தாராளமாக இடம் இருந்து, பாதிப் பிரேக்கில் 70 மீட்டரில் நிற்கிறீர்கள் என்று வையுங்கள். அவருக்கு 92 மீட்டர் கிடைக்கிறது. அவர் அதே அசட்டையுடன் வந்தாலும் இடிக்காமல் நிற்பார். பின்னால் ஒட்டி வருபவரை நம்மால் திருத்த முடியாது. பின்கண்ணாடியில் முறைத்தும் பயனில்லை, பிரேக்கைத் தட்டி எச்சரிப்பது இன்னும் ஆபத்து. அவர் விடாத தூரத்தை நம் முன்னால் சேர்த்து விடுவது ஒன்றே நம் கையில் இருப்பது. அதற்கும் மசியாமல் வந்தால் இடப்பக்கம் ஒதுங்கி அவரை அனுப்பிவிடுங்கள். வள்ளியூருக்கோ கோவில்பட்டிக்கோ இரண்டு நிமிடம் முன்னதாகப் போய்ச் சேரட்டும்.

தூரத்தை மீட்டரில் அளக்க ஓட்டும்போது யாராலும் முடியாது, நொடியில் அளக்கலாம். முன்வண்டி ஒரு பனைமரத்தையோ கிலோமீட்டர் கல்லையோ தாண்டும்போது "ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு, ஆயிரத்துமூன்று" என்று நிதானமாக எண்ணுங்கள். ஒவ்வொரு சொல்லும் ஏறத்தாழ ஒரு நொடி பிடிக்கும். மூன்றாவதை முடிக்கும் முன் நீங்கள் அந்த மரத்தைத் தாண்டினால் நெருங்கிவிட்டீர்கள். 80 கி.மீ. வேகத்தில் மூன்று நொடி என்பது 67 மீட்டர். நீங்கள் முழுதாக நிற்கத் தேவைப்படும் தூரமும் கிட்டத்தட்ட அதுவே. முன்வண்டி எதிலாவது மோதி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டால்கூட உங்களுக்கு இடம் இருக்கும். ஈரச் சாலையில் அதே வேகத்தில் நிற்க 95 மீட்டர் வரை ஆகலாம் என்பதால் ஐந்து நொடியாக எண்ணுங்கள். இடைவெளி விட்டால் வேறொருவன் புகுந்துவிடுகிறானே என்பார்கள். புகுந்தால் மறுபடி பின்வாங்க வேண்டியதுதான். மதுரையிலிருந்து நெல்லை வரை பத்துப் பேர் புகுந்தாலும் மொத்தம் அரை நிமிடம்தான் இழப்பீர்கள்.

நம் சாலைகளுக்கே உரிய சில இடங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். சாலைப்புதூர், நாங்குநேரி டோல்கேட்டுகளுக்கு முன்னால் கடைசி நேரத்தில் வரிசை மாறுபவர்களாலும், பாஸ்டேக்கில் பணமில்லாமல் நின்றுவிடும் வண்டிகளாலும் இடி விழுகிறது. மூன்றடைப்பு போன்ற ஊர்களின் நடுத்தடுப்புத் திறப்புகளில் வலப்பக்கம் திரும்ப நிற்கும் வண்டி, வேகப் பாதையிலேயே நிற்கிறது. கயத்தாறு, பணகுடி, ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆனி ஆடியில் அம்மியை நகர்த்தும் காற்று உயரமான வண்டிகளை ஒருபக்கமாகத் தள்ள, ஓட்டுநர்கள் திடீரென்று வேகம் குறைப்பார்கள். காற்றாலை இறக்கை ஏற்றிய நீண்ட டிரெய்லர்கள் நடைவேகத்தில் ஊர்வதும் அங்கேதான். குற்றாலச் சீசனில் தென்காசிச் சாலையில் விழும் சாரல் சாலையைக் கழுவாது, தூசியையும் எண்ணெயையும் குழைத்து வழுக்கலாக்கும். பெருமழையைவிட முதல் பத்து நிமிடத் தூறலே மோசம். உள்சாலைகளில் காய வைத்த உளுந்துச் செடியும் வைக்கோலும் டயருக்குச் சறுக்குமரம். களக்காட்டிலிருந்து வாழைத்தார் ஏற்றிய டிராக்டர் டிரெய்லருக்குப் பின்விளக்கு இருந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம். தைப்பூசத்துக்கு முன் திருச்செந்தூர் சாலையில் இரவெல்லாம் பாதயாத்திரை நடக்கிறது. அந்த நாட்களில் அவ்வழியே 50 கி.மீ. வேகமே எனக்கு அதிகமாகத் தோன்றும்.

இரவைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பார்த்தவற்றில் மிக மோசமானவை எல்லாம் விடியற்காலையில் நின்ற லாரியின் பின்னால் புகுந்த கார்கள். தாழ்த்திய விளக்கின் வெளிச்சம் ஏறத்தாழ 40 முதல் 60 மீட்டர் வரைதான் தெளிவாகக் காட்டும். 80 கி.மீ. வேகத்தில் நிற்க 68 மீட்டர் வேண்டும் என்று மேலே பார்த்தோம். அதாவது வெளிச்சத்துக்குள் நிற்க முடியாத வேகத்தில் ஓட்டுகிறோம். ஊர்ந்து செல்லும் லாரியும் கண்ணை ஏமாற்றும். நீங்கள் 100-இல் வர, லாரி 40-இல் போனால் 100 மீட்டர் இடைவெளி ஆறு நொடியில் தீர்ந்துவிடும். தொலைவில் இரண்டு சிவப்பு விளக்குகளுக்கு இடையிலான அகலம் நெடுநேரம் மாறாததுபோலவே தெரிந்து, கடைசி இரண்டு நொடியில்தான் விரியும். லாரியின் தளம் காரின் பானெட்டைவிட உயரமானது. பின்னால் கீழ்த்தடுப்புச் சட்டம் இல்லாத அல்லது துருப்பிடித்த லாரியாக இருந்தால் பம்பர், ஏர்பேக் எல்லாம் அடியில் போய், கண்ணாடிதான் முதலில் மோதும். சென்னையிலிருந்து பொங்கலுக்கும் தீபாவளிக்கும் இரவில் கிளம்பி 600 கி.மீ.க்கு மேல் ஒரே ஆள் ஓட்டி வருபவர்களுக்கு, கண் சொக்கும் நேரமும் கோவில்பட்டியைத் தாண்டும் நேரமும் ஒன்றாக வந்துவிடுகிறது. அங்கே ஒரு மணி நேரம் ஓரங்கட்டித் தூங்குவதை வெட்கமாக எண்ணக்கூடாது. நிறுத்தும் இடம் சாலையின் ஓரக்கோடாக இல்லாமல் பெட்ரோல் பங்க்காக இருக்கட்டும்.

உங்கள் வண்டி பிறர் கண்ணுக்குத் தெரிகிறதா என்பதும் பார்க்க வேண்டியது. இரவில் வீட்டு காம்பவுண்டுச் சுவர்மேல் பின்பக்கம் காட்டி நிறுத்தி, பிரேக்கை மிதித்துக் கண்ணாடியில் பாருங்கள். மூன்று சிவப்பும் சுவரில் தெரிய வேண்டும். பின்கண்ணாடியின் நடுவில் உயரத்தில் இருக்கும் மூன்றாவது விளக்கை அழகுப்பொருள் என்று நினைத்துப் பொம்மை வைத்து மறைக்கிறார்கள். அமெரிக்காவில் 1986 மாடல் கார்களிலிருந்து அதைக் கட்டாயமாக்கி, பல ஆண்டு விபத்துகளை ஆராய்ந்ததில் பின்மோதல்கள் 4.3 விழுக்காடு குறைந்ததாகக் கண்டார்கள். ஒரு சிறு விளக்குக்கு அது பெரிய வேலை.

மறுபடி எங்காவது திடீரென்று நிற்க நேர்ந்தால், முன்வண்டியின் பின்சக்கரம் தரையைத் தொடும் இடம் கண்ணுக்குத் தெரியும் அளவு இடம் விட்டு நில்லுங்கள், பிரேக்கிலிருந்து காலை எடுக்காதீர்கள், நான்கு இண்டிகேட்டரையும் போட்டுவிட்டுப் பின்கண்ணாடியைப் பாருங்கள். பின்னால் வருபவர் நிற்கமாட்டார் என்று தெரிந்தால், இடப்பக்கம் இடமிருந்தால் நழுவுங்கள். இல்லாவிட்டால் முதுகையும் தலையையும் இருக்கையோடு அழுத்தி, நேராகப் பார்த்து, பிரேக்கை விடாமல் மிதியுங்கள். இடி விழுந்தபின் செய்யும் பெரிய தவறு, இறங்கி இரண்டு வண்டிகளுக்கும் நடுவில் நின்று சேதத்தைப் பார்ப்பதும் சண்டை போடுவதும்தான். அடுத்த வண்டி வந்து மோதினால் நடுவில் நிற்பவர் கால் போய்விடும். எஞ்சினை அணைத்து, எல்லாரையும் இடப்பக்கமாக இறக்கி, தடுப்புக்கு அப்பால் அனுப்புங்கள். முக்கோண எச்சரிக்கைப் பலகையைக் குறைந்தது 50 மீட்டர் பின்னால் வையுங்கள். நம் வழக்கப்படி வேப்பங்கொப்பும் கல்லும் வைத்தீர்களானால், போகும்போது மறக்காமல் எடுத்துவிட்டுப் போங்கள். அந்தக் கல்லில் மோதிய பைக்குகளையும் நான் பார்த்திருக்கிறேன். காயம் இருந்தால் 108, சாலை உதவிக்கு 1033. விபத்து நடந்து முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம்" திட்டம் இருக்கிறது. காயமில்லை என்றால் நான்கு பக்கமிருந்தும், எண்பலகைகளும் சக்கரத் தடங்களும் சாலைக்கோடும் தெரியும்படி படம் எடுத்துவிட்டு வண்டிகளை ஓரங்கட்டலாம். கடுங்காயம் இருந்தால் ஆளைக் காப்பாற்றுவதற்காக அன்றி வேறெதற்கும் காவலர் வரும்வரை வண்டியை நகர்த்த வேண்டாம்.

தானாகப் பிரேக் பிடிக்கும் காரைப் பற்றிக் கேட்டதற்கு: பணம் இருந்தால் வாங்குங்கள். அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் சாலைப் பாதுகாப்பு ஆய்வகம், அந்த வசதியுள்ள கார்கள் முன்வண்டியில் மோதுவது பாதியாகக் குறைந்திருப்பதாகக் கண்டறிந்திருக்கிறது. ஆனால் அது நீங்கள் மோதுவதைத்தான் குறைக்கும். உங்களை இடித்தவரின் காரில் அது இருந்திருந்தால்தான் அன்று உங்களுக்குப் பயன்பட்டிருக்கும். காரும் லாரியும் மனிதரும் அதற்குப் பழக்கப்பட்ட உருவங்கள். கங்கைகொண்டான் ஓடைக்கரையிலிருந்து அந்தி மங்கலில் ஏறி வரும் செம்மறிக் கூட்டத்தை அது இன்னதென்று அறிந்து நிறுத்தும் என்று நம்பி நான் ஓட்டமாட்டேன்.